மூன்றாம் கவுண்ட்டரில் கண்ணீர்

மக்களுக்குக் குறை இருக்கும். குறை இருந்தால் அதைக் கேட்க ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். அலுவலகம் இருந்தால் அதற்கு ஒரு கூரையும், கூரைக்குக் கீழே ஒரு மின்விசிறியும், மின்விசிறிக்குக் கீழே ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும். இந்த வரிசைப்படிதான் திருவொற்றியூரில் வடகரை வட்டக் குறைதீர் அலுவலகம் ஏற்பட்டது. குறை தீர வேண்டும் என்பது இந்த வரிசையில் எங்கேயும் வரவில்லையே என்று கேட்கக்கூடிய யாரும் அங்கே வேலைக்குச் சேர்க்கப்படவில்லை.

குமாரவேல் அங்கே மூன்றாம் கவுண்ட்டரில் எழுத்தர். குடிநீர், சாக்கடை இரண்டும் அவன் பொறுப்பு. அந்த வட்டாரத்தில் இரண்டும் ஒரே குழாயில் வந்ததால் ஒரே ஆள் போதும் என்று மேலிடம் கருதியிருக்கலாம். வலைக்காரத் தெரு மீனவக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போன முதல் ஆண்பிள்ளை அவன்தான். அவன் அப்பா வெறுங்கையோடு கரை திரும்பிய நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. குமாரவேல் வருஷக்கணக்கில் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறான், ஆனாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. இதைத்தான் தெருவில் முன்னேற்றம் என்றார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான்.

அவன் கவுண்ட்டரில் ஒரே ஒரு குறை முழுசாகத் தீர்ந்ததுண்டு. சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று மனுக் கொடுத்தவர் வெறுத்துப் போய் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மணலி புதுநகருக்குப் போய்விட்டார். குறை தீர்ந்தது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மற்ற வட்டங்களுக்கு அது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

தலைமையகத்துக்கு வருஷத்துக்கு ஒரு காய்ச்சல் வரும். ஒரு வருஷம் கம்ப்யூட்டர். வாங்கி, தூசு படாமல் உறை போட்டு மூடினார்கள். அடுத்த வருஷம் யோகா. பாய் வாங்கினார்கள், மதியம் அதில் தூங்கினார்கள். அதற்கடுத்து வாஸ்து. கழிப்பறைக் கதவை வடக்கே திருப்பி வைத்தார்கள், அன்றிலிருந்து அது திறக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. குறைதீர் அலுவலகத்துக்குள் போகிறவர்கள் வெளியே வரும்போது முகம் வாடி வருகிறார்கள் என்று அதில் கண்டுபிடித்தார்கள். குறை தீராததால் வாடுகிறது என்று ஒரு கருத்தும், கவுண்ட்டரில் இருப்பவர் முகத்தில் கனிவு இல்லாததால் வாடுகிறது என்று இன்னொரு கருத்தும் நிலவின. முதல் கருத்துக்குச் செலவு அதிகம். ஆகவே இரண்டாவதே உண்மை என்று முடிவாயிற்று.

சுற்றறிக்கை வந்தது. “நாடகக் கலையின் கல்விப் பயனைக் கருத்திற்கொண்டும், அதன்வழி ஊழியர்தம் ஆளுமை வளர்ச்சியை உத்தேசித்தும், அனைத்து வட்ட ஊழியர்களும் நடிப்புப் பயிற்சி பெறுமாறு இதனால் அறிவுறுத்தப்படுகிறார்கள்.” வட்ட அலுவலர் செங்குட்டுவன் அதை உரக்கப் படித்துவிட்டு, யாருக்கு என்ன வேஷம் என்று கீழே போட்டிருக்கிறதா எனத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

பயிற்சி கொடுக்க நகரத்தின் தென்கோடியிலிருந்து சித்தார்த் என்ற இளைஞர் வந்தார். கதர் ஜிப்பா, தோளில் சணல் பை. வந்ததும் வராததுமாக நாற்காலிகளையெல்லாம் வெளியே போடச் சொன்னார். நாற்காலியை இழந்த அதிகாரி என்ன பாடுபடுவார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை. செங்குட்டுவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் மரமா மாறுங்க. அசையாதீங்க. உங்க கால்லேர்ந்து வேர் உள்ள போறதை ஃபீல் பண்ணுங்க,” என்றார் சித்தார்த்.

மரமாவதில் அந்த அலுவலகம் காட்டிய தேர்ச்சி அவரை அசத்திவிட்டது. டீ வரும்வரை ஒருவரும் அசையவில்லை.

“பிரமாதம் சார். இதுக்கு முன்னாடி எங்கயாவது பயிற்சி எடுத்திருக்கீங்களா?”

“சர்வீஸ்ல வர்றதுதான் தம்பி,” என்றார் செங்குட்டுவன் அடக்கமாக.

அடுத்தது கடலாக மாறச் சொன்னார். குமாரவேல் கையைத் தூக்கினான். “எந்தக் காத்துக்குக் கடல் சார்? வாடைக்கா, கச்சானுக்கா?”

“உங்களுக்குள்ள இருக்கிற கடல்.”

அப்படி ஒன்று இருப்பதாக அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாம் நாள்தான் விஷயத்துக்கு வந்தார்கள். ஒருவர் அதிகாரி, ஒருவர் மனுதாரர். அதிகாரி வேஷம் எல்லாருக்கும் வந்தது, மனுதாரர் வேஷம் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டாம் கவுண்ட்டர் ஜஹானாரா உண்மையைப் போட்டு உடைத்தாள். “மனு குடுக்க வர்றவங்க எப்டி நிப்பாங்க, எப்டிப் பார்ப்பாங்கன்னு எங்களுக்கு எப்டி சார் தெரியும்? நாங்க நிமிர்ந்து பார்த்ததே இல்லையே.”

சித்தார்த் கண்ணை மூடச் சொன்னார். உங்கள் வாழ்க்கையில் ரொம்ப வலித்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். குமாரவேலுக்கு நினைக்கச் சிரமமே இருக்கவில்லை. வலைக்காரத் தெருக் குழாயில் வருவது மஞ்சள் தண்ணீர். அவன் ஒரே மகள் வினிதாவுக்கு இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு, பிள்ளை சுருண்டு கிடந்த கோலம் கண்முன் வந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டான்.

சித்தார்த் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “இதுதான் சார். இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. கவுண்ட்டர்ல தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக்கோங்க.”

அழுததில் குமாரவேலுக்குக் கூச்சமாக இருந்தது. பாராட்டைக் கேட்டதும் கூச்சம் போய்விட்டது. அவன் முன்னேற்றம் அங்கேதான் தொடங்கியது என்று பின்னாளில் அவனைப் பற்றிய அறிக்கையில் எழுதினார்கள்.

வீட்டில் ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமே. மனைவி கன்னியம்மா காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடையைக் காலி பண்ணிவிட்டு, மத்தியானம்தான் வீட்டுக்கு வருவாள். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, நீதான் அதிகாரி, நான்தான் மனுதாரர் என்றான்.

“அதிகாரி இன்னா பண்ணுவாரு?” என்று கேட்டாள்.

“நான் சொல்றத்த கேட்டு, ‘ஆவன செய்யப்படும்’னு சொல்லணும்மே. அம்மாம்தான்.”

“அப்பால செய்யணுமா?”

“இன்னா நீ, பாடத்துல இல்லாததுலாம் கேட்டுகினு.”

கன்னியம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. அரைக் கடலுக்குக் கேட்கிற ஏலக் குரலை அவள் இழுத்துப் பிடித்து, மூக்கால் ஓர் அதட்டல் சேர்த்து, “விளக்கம் தேவையில்லை” என்றாளானால் குமாரவேலே எழுந்து நின்றுவிடுவான். இவள் நன்றாகச் செய்கிறாள் என்பது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மனுதாரர் வேஷம்தான் கஷ்டம், அதிகாரி வேஷம் எவர் வேண்டுமானாலும் போடலாம் என்று அவளுக்கு விளக்கினான்.

பயிற்சி முடிந்து கவுண்ட்டர் திறந்த அன்று முதலில் வந்தவர் சைக்கிள் கடை லியாகத் அலி. கடை வாசலில் பாதாளச் சாக்கடைக்கு மூடி இல்லை என்று மாதா மாதம் வந்து கத்திவிட்டுப் போகிறவர். அன்றும் கத்த வாயைத் திறந்தார். அதற்குள் குமாரவேல் எழுந்து நின்றான். நாற்காலியை எடுத்துப் போட்டான். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்தான். பிறகு அவரை நேருக்கு நேர் பார்த்தான்.

“பாய், இத்தினி நாளா நீங்க அந்தக் குழியத் தாண்டித்தான் கடையத் தொறக்கறீங்க, இல்ல?” என்று கேட்டு, மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினான். வினிதா சுருண்டு கிடந்ததை நினைத்தான். கண் நிறைந்தது.

லியாகத் அலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அழுவாத நைனா. இன்னா இப்ப, ஒரு மூடிதானே. நான் பார்த்துக் கால வெச்சுக்கறேன்,” என்று குமாரவேலைத் தேற்றிவிட்டு, மனுவைக் கொடுக்காமலே போனார். முகம் வாடவில்லை.

இப்படியே நடந்தது. ஜஹானாரா தெருவிளக்கு எரியாதவர்களோடு சேர்ந்து இருட்டைப் பற்றிக் கலங்கினாள். செங்குட்டுவனுக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை, அதனால் தலைவலித் தைலத்தைக் கைக்குட்டையில் தடவி வைத்துக்கொண்டார். மனுக்கள் குறைந்தன. மக்கள் குறையவில்லை. குறை இல்லாதவர்களும் எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். வாசலில் ஒருவர் வேர்க்கடலை வண்டி போட்டார்.

ஒருநாள் பின்தெரு மங்கை வந்தாள். அவள் தெருவின் பெரிய குழாயில் சாக்கடை கசிகிறது, அங்கேயிருந்துதான் வலைக்காரத் தெருவுக்கும் தண்ணீர் போகிறது. குமாரவேல் அன்று உச்சத்தில் இருந்தான். மங்கை மூக்கைச் சிந்தினாள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தாள், ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி நோட்டை அவன் சட்டையில் குத்திவிட்டாள். கோயில் திருவிழா நாடகத்தில் நடிகர் உருக்கமாகப் பாடினால் மேடையேறி இப்படிக் குத்துவது குப்பங்களில் வழக்கம். வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

செங்குட்டுவன் பதறிப் போனார். லஞ்சம் என்று எவனாவது எழுதிப் போட்டால் தலை போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார்.

“லஞ்சம்னா என்ன? ஒரு வேலையைச் செஞ்சு குடுக்கறதுக்கு வாங்கறது. நாம ஏதாவது வேலை செஞ்சு குடுத்தோமா?”

“இல்ல சார்,” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

“அப்ப இது லஞ்சம் இல்ல. கலைக்குக் கிடைச்ச மரியாதை.”

அலுவலகத்தின் நேர்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் வினிதாவுக்கு மூன்றாம் முறையாகக் காமாலை வந்தது. இந்த முறை பிள்ளை எழுந்து நடக்கவே தள்ளாடியது. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு, “மருந்து நான் தரேன், தண்ணிய யாரு மாத்தறது? இன்னொரு தடவை வந்தா ஈரல் தாங்காது,” என்றார்.

வலைக்காரத் தெருவுக்குப் புதுக் குழாய் எப்போதோ வந்து தெருமுனையில் கிடந்தது. அதன் மேல் வலை உலர்த்தினார்கள், உள்ளே நாய் குட்டி போட்டது. ஒப்பந்தக்காரர் ஜெயவேல் ஓர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். உத்தரவு போட வேண்டியவர் செங்குட்டுவன். உத்தரவு கேட்டு வந்த மனுக்கள் குமாரவேலின் இழுப்பறையில் இருந்தன.

“ஊரு ஜனத்துக்கெல்லாம் அழுவுறியே, உன் ஆபீசருகிட்ட ஒரு வார்த்த கேளுய்யா. புள்ள போயிடும்,” என்றாள் கன்னியம்மா.

கேட்டுவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குமாரவேல் அதிகாரி அறைக்குள் போனான். செங்குட்டுவன் எழுந்து வந்தார். நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவன் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், கைக்குட்டையால் கண்ணை ஒற்றி ஒற்றி எடுத்தார். “குமாரவேல், அது உங்க பொண்ணு மட்டுமில்ல. என் பொண்ணும்தான்,” என்றபோது அவர் குரல் உடைந்தது. குமாரவேல் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினான். அறையைத் தைல வாசனை தூக்கியது. அந்த வாசனை எதற்கென்று உலகத்தில் யாரைவிடவும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு லேசாகி, காற்றில் நடப்பவனைப் போல வீடு வந்து சேர்ந்தான்.

“இன்னா சொன்னாரு?” என்றாள் கன்னியம்மா.

“ஆபீசருன்னா அவருதாம்மே. இன்னா மனசு தெரியுமா. அழுதுட்டாரு.”

“கொழாயி?”

குமாரவேல் யோசித்துப் பார்த்தான். குழாயைப் பற்றிக் கடைசியில் என்ன பேசினோம் என்று நினைவு வரவில்லை.

கன்னியம்மா மறுநாள் காலை மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டாள்.

“ஒப்பந்தக்காரர் ஜெயவேலுங்களா? வட்ட அலுவலகத்திலிருந்து பேசறோம். வலைக்காரத் தெருக் குழாய்ப் பணி இன்னும் ஏன் துவக்கப்படவில்லை?”

“மேடம், உத்தரவு...”

“விளக்கம் தேவையில்லை. இன்றே துவக்கப்பட வேண்டும். அப்படியே பின்தெருவில் கசியும் இடத்தையும் அடைக்கவும்.”

“இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மேடம் இத்தினி நாளா காத்துகினு இருந்தேன்,” என்றார் ஜெயவேல்.

அன்று மத்தியானமே ஆட்கள் வந்தார்கள். அந்த வாரமே குழாய் புதைந்தது, பின்தெருக் கசிவுக்கு ஒரு பட்டை கட்டினார்கள், தண்ணீர் வந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த குமாரவேல் தன் வீட்டுக் குடத்துக்கு அடி உண்டு என்பதை அன்றுதான் தண்ணீர் வழியே பார்த்தான். வினிதா இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் தூங்கினாள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உத்தரவு போட்டது செங்குட்டுவன்தான் என்று நம்பி, அவர் இருக்கும் திசையை நோக்கி மனசாரக் கும்பிட்டான். கன்னியம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

ஜெயவேல் பில் கொடுக்க வந்தபோதுதான் அலுவலகத்தில் இடி விழுந்தது.

“குழாய் போட்டாச்சா? யாரு சொன்னது?”

“உங்க ஆபீசுலேர்ந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க சார். ‘விளக்கம் தேவையில்லை’ன்னு ஒரே அதட்டல்.”

செங்குட்டுவன் முகம் வெளுத்துவிட்டது. “வேலை நடந்திருக்கு. அப்ப இது நம்ம ஆளுங்க செஞ்சதே இல்ல. எவளோ அதிகாரி மாதிரி நடிச்சிருக்கா,” என்றார். அடுத்து சட்ட நிலையை விளக்கினார். உத்தரவில்லாமல் போட்ட குழாய் சட்டத்தின் கண்ணில் இல்லாத குழாய். இல்லாத குழாயில் தண்ணீர் வருவது ஒழுங்கீனம். ஆகவே அதைத் தோண்டி எடுத்து, பழைய குழாயைப் பழையபடி வைக்க வேண்டும். இந்த உத்தரவை மட்டும் அவர் அங்கேயே நின்று எழுதினார்.

குமாரவேலுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தக் குரலையும் ‘விளக்கம் தேவையில்லை’யையும் தன் வீட்டு ஸ்டூலில் கேட்டவனாயிற்றே. பிடிபட்டால் பெண்டாட்டிக்குக் கேஸ், பிடிபடாவிட்டாலும் பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர்.

குரலை அடையாளம் காண ஜெயவேலை உட்கார வைத்து, வலைக்காரத் தெருப் பெண்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவள் புளி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, “இன்னும் ஏன் துவக்கப்படவில்லை? விளக்கம் தேவையில்லை,” என்றாள். பியூன் சவரிநாதன் தன்னையறியாமல் எழுந்து கோப்பை எடுக்க ஓடினார். இரண்டாமவள் சொன்னாள், மறுபடியும் ஓடினார். மாதக்கணக்கில் இந்த அலுவலகத்தில் வேடிக்கை பார்த்ததில் தெருவே தேறியிருந்தது. கன்னியம்மா முறை வந்தது. குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“எனுக்கு இதெல்லாம் வாயில நுழையாது சார். தொவக்கப்... இன்னா அது, தொவக்கப்பள்ளியா?” என்றாள்.

“இவங்க மட்டும் இல்ல சார், சத்தியமா,” என்றார் ஜெயவேல்.

செங்குட்டுவன் எரிச்சலோடு எழுந்தார். “ஆள் கிடைக்கலைன்னா போகட்டும். குழாயை நாளைக்கே தோண்டுங்க.”

குமாரவேலுக்கு டாக்டர் சொன்னது காதில் கேட்டது. எழுந்து நின்றான். மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினான்.

“சார், ஒரு விண்ணப்பம். நடிப்பாலதான் குழாய் வந்திருக்கு. நடிப்பைக் கொண்டுவந்தது நீங்க. அப்ப இந்தக் குழாய் உங்க பயிற்சியோட பலன் சார். இதைத் தோண்டினா பலனைத் தோண்டின மாதிரி. தோண்டாம எழுதி அனுப்பினா...”

“அனுப்பினா?”

“தலைமையகத்துல ஒரு கேடயம் இருக்கு சார். இன்னும் யாருக்கும் குடுக்கல.”

செங்குட்டுவன் மெல்ல உட்கார்ந்தார். கைக்குட்டை இல்லாமலே அவர் கண் கலங்கியதை அலுவலகம் முதல்முறையாகப் பார்த்தது.

குழாய் பிழைத்தது. கேடயமும் வந்தது. பொண்டாட்டி செய்த காரியத்தை அதிகாரிக்குத் தானம் பண்ணியதில் குமாரவேலுக்கு வருத்தமில்லை, அந்த யோசனை தனக்குத் தோன்றியதில் பெருமைதான் இருந்தது. ஆனால் தலைமையகம் விஷயத்தைச் சும்மா விடவில்லை. நாடகம் நடத்தினால் குழாய் தானாக வருகிறது என்று ஆதாரத்தோடு தெரிந்த பின்பு குழாய்க்கென்று தனியாக ஏன் செலவழிக்க வேண்டும்? அடுத்த ஆண்டுக் குழாய் நிதி முழுவதும் நாடகப் பயிற்சிக்கு மாற்றப்பட்டது. லியாகத் அலி கடை வாசலில் மூடி இல்லாத குழிக்கு ஒரு மாலை நேர நாடகம் ஒதுக்கினார்கள். பார்க்கப் போன இரண்டு பேர் அதற்குள் விழுந்தார்கள்.

குமாரவேல் வட்டப் பயிற்றுநர் ஆனான். முதல் அணியாக ஒப்பந்தக்காரர்களை அனுப்பினார்கள். ஒரு போன் வந்ததும் அதை நம்பி மண்வெட்டியைத் தூக்கிவிடும் பழக்கம் அவர்களிடம் காணப்படுவதாகவும், அது ஆளுமைக் குறைபாடு என்றும் குறிப்பு வந்திருந்தது. ஜெயவேல் கெட்டிக்கார மாணவர். முதல் நாளே கடலாகிவிட்டார். எதிர்முனையில் இருப்பவரின் துயரத்தை எப்படிக் காது வழியே வாங்குவது, எங்கே மௌனம் விடுவது என்று குமாரவேல் அவருக்கு மனதாரச் சொல்லிக் கொடுத்தான். நல்ல சீடன் கிடைத்த ஆசிரியனின் மகிழ்ச்சியைத் தவிர வேறெதையும் அவன் அப்போது நினைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. பின்தெருக் கசிவில் கட்டிய பட்டை அறுந்துகொண்டது. ஒருநாள் காலை வலைக்காரத் தெருக் குடங்களில் அடி தெரியவில்லை. கன்னியம்மா தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினாள். வினிதாவைத் தண்ணீரில் கை வைக்காதே என்று உட்கார வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போனாள். குமாரவேலும் கூடவே போனான். இந்த முறை அவனுக்குத் தெரிந்தேதான் நடந்தது, அவனே ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தான்.

“ஒப்பந்தக்காரர் ஜெயவேலுங்களா? பின்தெருக் குழாய் உடனடியாக...” என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதட்டல் போய், “ஆமாங்க” என்றாள். “ஆமாங்க, ஒரே பொண்ணு” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “நீங்க மனச உட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “பாவம்யா அந்த ஆளு. நம்ப புள்ளைக்காவ இன்னாமா அழுதாரு.”

“எப்ப வர்றாராம்?”

“அத்த கேக்கலையே,” என்றாள் கன்னியம்மா, திடுக்கிட்டு.

குமாரவேலுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பேசறப்போ நடுவுல மூச்ச இஸ்து, அப்டியே நிறுத்தினாரா?”

“நிறுத்தினாரு.”

“அது நான் சொல்லிக் குடுத்தது,” என்றான்.

கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்டியா. அப்ப ஒண்ணு பண்ணு. தண்ணி குடிச்சா மாரி எப்டி நடிக்கறதுன்னு வூட்டுக்குப் போயி பாப்பாவுக்கும் சொல்லிக் குடுத்துடு. தாகம் அடங்கிடும்.”

சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். குமாரவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்நாளில் இவ்வளவு வெட்கம் அவனுக்கு வந்ததில்லை, பொய்யே கலக்காத வெட்கம். அது முகத்தில் எப்படித் தெரிகிறது என்று பக்கத்துச் சலூன் கண்ணாடியில் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டான்.